கேட்பாரில்லாமல் கீழ்ச்சாதி ஆனான்: ஒரு பழமொழியின் பிறப்பிடம் தேடி



நினைவுச் சொற்பொழிவு மேடைகளில் வழக்கமாக ஓர் ஆளுமையைப் பற்றியோ ஒரு போராட்டத்தைப் பற்றியோ பேசுவோம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஆறே சொற்கள் கொண்ட ஒரு பழமொழி. இங்கே இருப்பவர்களில் பலர் இதை வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள்: ‘பார்ப்பானுக்கு மூத்தவன் பறையன், கேட்பாரில்லாமல் கீழ்ச்சாதி ஆனான்.’ சில ஊர்களில் ‘மூத்தவன்’ என்பதற்குப் பதிலாக ‘மூப்பு’ என்பார்கள். பேச்சில் ‘பாப்பானுக்கு மூப்பு பறையன், கேப்பாரு இல்லாம கீழ்ச்சாதி ஆனான்’ என்று வரும்.

ஊர்த்தெருவில் அவமானப்பட்டுத் திரும்பிய பேரனிடம் பாட்டி இதைச் சொல்வார். கூலித் தகராறு பேசி முடியாமல் எழுந்து வரும்போது பெரியவர் ஒருவர் முணுமுணுப்பார். நாமும் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம், சுவரொட்டியிலும் போட்டிருக்கிறோம். அப்படி ஒரு கூட்டம் முடிந்த பிறகு கல்லூரி மாணவி ஒருவர் வந்து கேட்டார்: “தோழர், இதை முதலில் சொன்னது நாமா, அவர்களா? இது வரலாறா, ஆறுதலா?” கைதட்டல் வாங்கிய நமக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்குக் கடன்பட்டதுதான் இந்த உரை.

கேள்வி சின்னதல்ல. இது வரலாறு என்றால் அதற்குச் சான்று காட்ட வேண்டும். ஆறுதல் என்றால், அந்த ஆறுதல் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும்.

அச்சில் ஏறிய பழமொழிகள்

தமிழ்ப் பழமொழிகள் பெருமளவில் அச்சேறியது 19ஆம் நூற்றாண்டில். பீட்டர் பெர்சிவல் 1842இல் யாழ்ப்பாணத்தில் ஒரு தொகுப்பை வெளியிட்டார். பின்னர் சென்னைக்கு வந்து 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளோடு அதை விரிவாக்கினார். 1894இல் ஜான் லாசரஸின் பழமொழி அகராதி வந்தது. 1897இல் டென்மார்க்கு மிஷனரி ஹெர்மன் ஜென்சன் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து வெளியிட்டார்.

இந்தத் தொகுப்புகளுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அதே நேரம் அவை எப்படிப்பட்ட ஆவணங்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அவற்றில் பழமொழி இருக்கும், ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கும். சொன்னவர் யார், எந்தத் தெருவில் சொன்னார், யாரைப் பார்த்துச் சொன்னார் என்ற விவரம் இருக்காது. சேரியில் கோபமாகச் சொன்னதும், அக்கிரகாரத்துத் திண்ணையில் சிரித்துக்கொண்டே சொன்னதும் அகரவரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே வாக்கியத்தைப் பறையர் சொன்னால் உரிமைக் குரல். மற்றவர் உதட்டைச் சுழித்துச் சொன்னால் அதுவே கேலி. எனவே அச்சுத் தேதியை வைத்து ஒரு பழமொழியின் வயதைக் கணிக்க முடியாது. அதைப் பெற்றவர் யார் என்பதையும் அச்சு சொல்லாது.

இனி, இந்த வாக்கியத்தை விளக்க முயன்ற மூன்று வழிகளைப் பார்ப்போம். ஒன்று கதை. இரண்டு சடங்கு. மூன்று அயோத்திதாசர் காட்டிய வழி.

கதை சொல்லும் காரணம்

இந்தப் பழமொழியோடு ஒட்டிக்கொண்டு ஒரு கதை உலவுகிறது. அண்ணன், தம்பி இருவர் இருந்தார்கள். செத்த மாட்டை அப்புறப்படுத்த வேண்டிய நிலை வந்தது. யார் செய்வது என்று கேட்டபோது அண்ணன், ‘என் தம்பி பாப்பான்’ என்றானாம். தம்பி அந்த வேலையைப் பார்த்துக்கொள்வான் என்பது அவன் சொன்ன பொருள். கேட்டவர்கள் ‘என் தம்பி பார்ப்பான்’ என்று எடுத்துக்கொண்டார்கள். தம்பி பிராமணன் ஆனான், அண்ணன் மாடு தூக்கப் போனான். பெல்ஜிய மானிடவியலாளர் ராபர்ட் டெலியேஜ், தென் தமிழகத்துப் பறையர் கிராமத்தில் செய்த களஆய்வின் அடிப்படையில் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார்.

இன்னொரு கதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் இருக்கிறது. சிவன் கோயிலில் சாம்பவன் என்ற பூசாரி மாட்டிறைச்சி படைத்து வழிபட்டு வந்தான். கர்ப்பிணி மனைவிக்காக ஒரு நாள் அதில் கொஞ்சம் ஒளித்து வைத்தான். கடவுள் கோபம்கொண்டு அவனைப் பறையனாக்கினார், அவன் தம்பியைப் பூசாரியாக்கினார். அந்தத் தம்பியின் வழிவந்தவர்களே பிராமணப் பூசாரிகள்.

நம் எல்லைக்கு வெளியேயும் இதே தடம் தெரிகிறது. வட இந்தியச் சமார்களிடம், பிராமணச் சகோதரர்களில் ஒருவன் செத்த பசுவை அப்புறப்படுத்தியதால் தள்ளிவைக்கப்பட்டான் என்ற கதை உண்டு. ஜி. டபிள்யூ. பிரிக்ஸ் 1920இல் எழுதிய நூலில் அது பதிவாகியிருக்கிறது. ஆந்திரத்து மாதிகர்கள் தங்கள் மூதாதை ஜாம்பவான் பூமிக்கே மூத்தவர் என்பார்கள். மூத்தவன் தாழ்த்தப்பட்டான் என்ற நினைப்பு, இந்தியாவில் தீண்டாமைக்கு ஆளான பல மக்களிடம் பொதுவாக இருக்கிறது.

ஆனால் கதையைச் சான்றாகக் கொள்வதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ‘பாப்பான்’ என்ற சிலேடை தமிழ்ப் பேச்சில் மட்டுமே செல்லும். ஆகவே, நிலவிவந்த பழமொழிக்கு விளக்கமாகப் பின்னால் கட்டப்பட்ட கதையாக அது இருக்கலாம். அல்லது நீண்ட கதை சுருங்கிப் பழமொழியாக நின்றிருக்கலாம். முட்டையா கோழியா என்ற நிலைதான். இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. இரண்டு கதைகளும் தாழ்வுக்குக் காரணத்தை நம்மிடமே வைக்கின்றன. ஒன்றில் வாய் தவறியது, மற்றொன்றில் கை தவறியது. சாம்பவன் கதையில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு கர்ப்பிணியின் பசிக்காக ஒரு சாதியே விழுந்தது என்கிறார்கள். அடிமைப்படுத்தியவர் கதையில் எங்குமே இல்லை.

பழமொழியில் அப்படி இல்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே வாய் தவறவில்லை, கை தவறவில்லை. ‘கேட்பாரில்லாமல்’ என்பது மட்டுமே காரணம். கதையைவிடப் பழமொழி கூர்மையானது. அதன் பொருளைக் கதைக்குள் அடைத்துவிடக் கூடாது.

சடங்கில் மிஞ்சியவை

இரண்டாவது வழி, சடங்குகளில் மிஞ்சியிருக்கும் உரிமைகளைச் சான்றாகக் காட்டுவது. ஆங்கிலேய அதிகாரி வால்ஹவுஸ் 1874இல் இப்படிப்பட்ட சிலவற்றைத் தொகுத்து எழுதினார். பின்னர் தர்ஸ்டனும் அவற்றை எடுத்தாண்டார். திருவாரூர்ப் பெருவிழாவில் பறையர் தலைவர் இறைவனோடு யானைமேல் ஏறிச் சாமரம் வீசும் உரிமை. சென்னைக் கறுப்பர் நகரத்தில், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனில், ஏகாத்தாள் விழாவில் அம்மனுக்குத் தாலி கட்ட மணமகனாகப் பறையர் ஒருவர் நிற்கும் உரிமை. கர்நாடகத்து மேல்கோட்டைக் கோயிலில் ஆண்டுக்கு மூன்று நாட்கள் நுழையும் உரிமை. இவற்றோடு, வள்ளுவர்கள் பல்லவ மன்னர்களுக்குப் புரோகிதர்களாக இருந்தவர்கள் என்று 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் எச். ஏ. ஸ்டூவர்ட் முன்வைத்த கருத்தும் சேரும். இந்த உரிமைகள் ஒரு காலத்து முதன்மையின் எச்சங்கள் என்பது வாதம்.

இந்த வாதத்துக்கு வலு உண்டு. ஒன்றுமே இல்லாதவனுக்கு யானைமேல் இடம் எப்படி வந்தது என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சமூகவியல் படித்த நாம் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மேல்கோட்டையில் அந்த மூன்று நாள் உரிமைக்குச் சொல்லப்படும் காரணம் பழைய முதன்மை அல்ல. இராமானுசர் டெல்லியிலிருந்து திருமேனியை மீட்டுவந்தபோது துணை நின்றதற்குக் கிடைத்த பரிசு அது என்பது தலபுராணம். அதாவது, ஒரே மாதிரியான உரிமை ஓரிடத்தில் பழைய ஆட்சியின் எச்சமாகவும், இன்னோரிடத்தில் ஊழியத்துக்குக் கிடைத்த சன்மானமாகவும் இருக்கலாம். ஆண்டில் மூன்று நாட்கள் திறந்த கதவு, மீதி நாட்கள் மூடியிருந்ததற்கும் சாட்சிதான். எனவே சடங்கு ஒரு தடயம். தீர்ப்பு எழுத அது மட்டும் போதாது.

அயோத்திதாசர் காட்டிய வழி

மூன்றாவது வழி நம்முடையவர் திறந்தது. பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். கோயிலும் அரசும் எழுதிவைத்த சான்றுகளில் நம் மக்களின் வரலாறு கிடைக்காது என்று கண்ட அவர், வழக்குச் சொல், பண்டிகை, சடங்கு, பழமொழி ஆகியவற்றைப் புரட்டிப் பார்த்தார். அவருடைய முடிவு: இன்று தாழ்ந்தவர்கள் எனப்படுவோர் முன்பு பௌத்தர்கள், வேஷ பிராமணர்களின் பொய்யைப் பறைந்தவர்கள், அதாவது வெளிப்படச் சொன்னவர்கள், அதனாலேயே பறையர் என்று இழிக்கப்பட்டார்கள்.

அவர் எடுத்துக்காட்டிய வழக்கங்களில் ஒன்று முக்கியமானது. பிராமணர் சேரிக்குள் வந்தால் சாணிச்சட்டியோடு விரட்டி, அவர் போன வழியில் அந்தச் சட்டியை உடைப்பது. இதே போன்ற வழக்கத்தை 1906இல் வெளிவந்த தஞ்சாவூர் மாவட்ட விவரச் சுவடியும் பதிவு செய்திருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1948இல் ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு, தீண்டாமைக்குப் பின்னால் பௌத்தத்தின் மேல் கொண்ட வெறுப்பு இருக்கிறது என்று வாதிட்டார். சென்னையிலும் பம்பாயிலும் வாழ்ந்த இரண்டு அறிஞர்கள், தங்கள் தங்கள் வழியில் போய், வெறுப்பு ஒருவழிப் பாதையாக இருந்ததில்லை என்ற இடத்தில் சந்திக்கிறார்கள். சேரியும் தன் எல்லையைக் காத்தது. தீட்டு என்ற சொல்லை அதுவும் திருப்பி வீசியது.

அயோத்திதாசரின் சட்டகத்தில் வைத்தால் நம் பழமொழி வேறு விதமாகத் திறக்கிறது. அங்கே ‘மூத்தவன்’ என்பது ஒரு தாய் வயிற்று அண்ணன் இல்லை. முந்திய சமயத்தைச் சேர்ந்தவன், முந்திய ஒழுங்கைச் சேர்ந்தவன். தமிழில் ‘மூப்பு’ வயதை மட்டும் குறிப்பதில்லை, தலைமையையும் குறிக்கும். அவருடைய சொல்லாராய்ச்சி எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஏற்றுக்கொள்ளாது. பறையர் என்ற பெயரைப் பறை என்ற இசைக்கருவியோடு இணைப்பதே பெரும்பான்மைக் கருத்து. ஆனாலும் அவர் செய்த ஒன்று நிலைத்து நிற்கிறது: தாழ்வை அவர் இயற்கையாகவோ சாபமாகவோ பார்க்கவில்லை. ஒரு மோதலின் விளைவாகப் பார்த்தார்.

‘ஆனான்’ என்ற வினைச்சொல்

மூன்று வழிகளும் ‘மூத்தவன்’ என்ற சொல்லைச் சுற்றியே நடந்தன. நம் வாதம், இந்தப் பழமொழியின் வரலாற்று உண்மை அந்தச் சொல்லில் இல்லை என்பது. கடைசிச் சொல்லைப் பாருங்கள். ‘ஆனான்.’ கீழ்ச்சாதியாகப் பிறந்தான் என்று சொல்லவில்லை, இருந்தான் என்றும் சொல்லவில்லை. ஆனான். தாழ்வுக்கு ஒரு தொடக்கம் உண்டு என்று அந்த வினைச்சொல் சொல்கிறது.

இதற்கு யாருடைய வாய்மொழியும் இல்லாமலே சான்று இருக்கிறது. புறநானூற்று 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியர், பாணர், கடம்பரோடு பறையரையும் சேர்த்து நான்கு குடிகளாக எண்ணுகிறார். அங்கே இழிவுக் குறிப்பு இல்லை, சிறப்பித்துச் சொல்லும் தொனிதான். அங்கிருந்து 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு வாருங்கள். முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர் நத்தம் தனியாகவும் பறைச்சேரி தனியாகவும் பிரித்து எழுதப்பட்டிருக்கின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அங்கே வருகிறது. ஒரு முனையில் குடி, மறு முனையில் தனிச் சேரி. நடுவில் நடந்ததுதான் ‘ஆனான்’. நிலம் கோயிலுக்கும் பிரமதேயத்துக்கும் போனது, உழைப்பவர் நிலத்தோடு கட்டப்பட்டார், குடியிருப்பு ஊருக்கு வெளியே தள்ளப்பட்டது. இதைச் சொல்ல நாம் யாருக்கும் அண்ணனாக இருக்கத் தேவையில்லை.

அண்ணனாக இருக்க விரும்புவதில் ஆபத்தும் உண்டு. இப்படிப்பட்ட தோற்றக் கதைகள் சாதி அடுக்கை மறுப்பதில்லை, அதில் தங்கள் இடம் தவறாகப் போய்விட்டது என்றுதான் சொல்கின்றன என்பது டெலியேஜின் வாதம். அவர் சொல்வதை முழுதாக நாம் ஏற்கவில்லை. சாணிச்சட்டியை உடைத்தவர்களிடம் மறுப்பு இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் அவருடைய எச்சரிக்கையின் ஒரு பாதி நம்மைச் சுடத்தான் செய்கிறது. பார்ப்பானுக்கு மூத்தவன் என்று பெருமைப்படும்போது அளவுகோலைப் பார்ப்பான் கையிலேயே விட்டுவிடுகிறோம். மூத்தவன் என்று ஒருவன் இருந்தால் இளையவன் என்று ஒருவன் இருப்பான். அந்த அளவுகோலைக் கையிலெடுத்த யாரும் அடுத்து அருந்ததியர் பக்கம் திரும்பி நீ எனக்கு இளையவன் என்று சொல்ல வெகுநேரம் ஆகாது. நம் கிராமங்களில் அது நடக்கவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? இன்னொன்றும் உண்டு. பழமொழியில் மூத்தவனும் ஆண், கீழ்ச்சாதி ஆனவனும் ஆண். நாற்று நட்ட பெண், சாணி அள்ளிய பெண் எங்கே? சாம்பவன் கதையில் பழி சுமக்க மட்டும் அவள் வருகிறாள்.

கேட்பார் யார்

ஆகவே, நாம் இறுகப் பற்ற வேண்டிய சொல் நடுவில் இருக்கிறது: ‘கேட்பாரில்லாமல்.’ தமிழில் கேட்டல் என்பதற்கு வினவுதல், செவிகொடுத்தல் என்று இரண்டு பொருளும் உண்டு. அநியாயத்தைத் தட்டிக் கேட்பவரும் கேட்பார். ஒருவன் சொல்வதைக் காதுகொடுத்து வாங்குபவரும் கேட்பார். இரண்டு பேரும் இல்லாத இடத்தில் ஒரு மக்கள் கூட்டம் கீழே போகிறது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது பழமொழி. இதைச் சொன்னவர் சமூகவியல் படித்தவர் இல்லை. ஆனால் சமூகவியல் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

நம் முன்னோடிகளின் வரலாற்றை இந்தச் சொல்லைக் கொண்டே வாசிக்கலாம். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் நம் மக்களை ஏன் விடுவதில்லை என்று அயோத்திதாசர் கேட்டார். சுடலைமாடனும் காட்டேரியும்தான் உங்கள் தெய்வங்கள் என்ற பதில் வந்தது. கேட்டார், ஆனால் காதுகொடுத்துக் கேட்பார் அங்கே இல்லை. 1893இல் ரெட்டைமலை சீனிவாசன், இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்துப் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் சாதி இந்துக்களின் கையே ஓங்கும் என்று அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். 112 அடி நீளம், 3,412 கையெழுத்துகள். கேட்பாரில்லாத மக்கள் என்று யார் சொன்னது?

செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலம் பிறகு கைமாறியதைக் கேட்கப் போனவர்கள்தான் காரணை மக்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். கேட்பார் இல்லாமல் ஆனதைச் சரிசெய்யக் கேட்டவர்களுக்குக் கிடைத்த விலை அது. நூறாண்டு இடைவெளியில் இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் படித்தால், பழமொழியின் பின்பாதி பழங்கதை இல்லை என்பது புரியும்.

அயோத்திதாசரின் எழுத்துக்கே என்ன நடந்தது? 1914இல் அவர் மறைந்த பிறகு, பொது அறிவுலகில் அவர் கேட்பாரற்றுக் கிடந்தார். அன்பு பொன்னோவியம் போன்ற சிலர் பழைய இதழ்களைக் கண்ணுங்கருத்துமாகக் காத்து வைத்திருந்தார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து நூலாக வந்தபோதுதான் பலருக்கும் அவர் பெயரே தெரிந்தது. 85 ஆண்டுகள்.

அந்த மாணவிக்கு இப்போது நம் பதில் இது. இதை முதலில் சொன்னவர் யாரென்று சுட்ட எந்த ஆவணமும் இல்லை. ‘மூத்தவன்’ என்பது ஆறுதல். அந்த ஆறுதல் ஒரு காலத்தில் தேவைப்பட்டது, அதைச் சொன்ன பாட்டியைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ‘ஆனான்’ என்பது வரலாறு. ‘கேட்பாரில்லாமல்’ என்பது நமக்கு வைக்கப்பட்ட வேலை. இனி சுவரொட்டியில் போடுவதானால் பின்பாதியை மட்டும் போடுவோம்.

மாணவர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் பாட்டியிடம், அத்தையிடம், பக்கத்துச் சேரியிலும், அருந்ததியர் தெருவிலும் இந்தப் பழமொழியைக் கேளுங்கள். யார் சொல்கிறார், எந்தச் சொல்லை மாற்றிச் சொல்கிறார், எப்போது யார் தன்னிடம் சொன்னதாக நினைவுகூர்கிறார், எந்தக் கதையைச் சேர்க்கிறார், சொல்லும்போது சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று எழுதிக்கொள்ளுங்கள். பெர்சிவலும் லாசரசும் எழுதாமல் விட்ட பக்கம் அது. அவர்கள் சொல்வதை இடைமறிக்காமல் முழுதாகக் கேட்டுவிட்டு வாருங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தை அந்தக் குறிப்புகளிலிருந்து தொடங்குவோம்.

ஜெய்பீம்.